நெபுலாவின் சிவப்பு நிஜம்தானா?

ஓரியன் மண்டலத்தின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. பைனாகுலரில் பார்த்தால் சாம்பல் நிறம், புகைப்படத்தில் செக்கச்செவேல். கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சிவப்பு உண்மையிலேயே அங்கே இருக்கிறது. மங்கிய ஒளியில் சிவப்பை உணரும் திறன் நம் கண்ணுக்குத்தான் இல்லை.

சுமார் 1,340 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த வாயு மேகத்துக்குள் டிரபீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதன் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. எலக்ட்ரான் மறுபடி அணுவில் சேர்ந்து, மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி பிறக்கிறது.

நடுப்பகுதியில் தெரியும் நீலப்பச்சையின் கதை இன்னும் சுவையானது. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் என்ற இன்னொரு நெபுலாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927-ல் ஐரா போவன்தான் முடிச்சை அவிழ்த்தார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். ஆற்றல் ஏறிய அந்த அயனி ஒளியை வெளிவிடப் பல நொடிகள் ஆகும். அதற்குள் வேறொரு துகள் மோதினால் ஆற்றல் கைமாறிவிடும். நெபுலாவில் வாயு அவ்வளவு அரிதாக இருப்பதால்தான் மோதலுக்கு முன்பே ஒளி வெளியேறுகிறது.

1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது புகைப்படத் தட்டை 51 நிமிடம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. இன்று, வானத்தோடு சேர்ந்து சுழலும் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குகிறார்கள். நடுப்பகுதி மிகப் பிரகாசமானது. நீண்ட எக்ஸ்போஷரில் வெளுத்து, டிரபீசியமே மறைந்துபோகும். அதற்கென்று சில நொடிப் படங்களைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். இன்னொரு சிக்கல்: சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டர் அந்த 656.3 சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் ஆர்வலர்கள் அந்த ஃபில்டரை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-ல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் வேறு வகை. அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். கந்தகம், ஹைட்ரஜன் இரண்டுமே இயல்பில் சிவப்பாக ஒளிர்பவை என்பதால், பிரித்துக் காட்ட இந்த ஏற்பாடு. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. ஆனால் எந்த நிறம் எந்த வாயுவுக்கு என்பதைப் படத்தின் கீழே கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால், பச்சையாகத் தெரியும் ஹைட்ரஜனை ஆக்சிஜன் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.