பேசுவதற்காக ஒரு பயணம்

ஜெர்மன் மொழி பயிலும் மாணவர் குழு ஒன்று ஜெர்மனியில் பத்து நாள் சுற்றிவிட்டு நாடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களின் கைத்தொலைபேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில், கொலோன் நகரத்துப் பேராலயம், ரைன் ஆற்றுப் படகுப் பயணம் என எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். விமான நிலையத்தில் காத்திருந்த தாயார் ஒருவர் தம் மகளிடம், “அங்கே யாரிடமெல்லாம் ஜெர்மன் மொழியில் பேசினாய்?” என்று கேட்கிறார். மகள் சற்று யோசிக்கிறாள். “நன்றி சொன்னேன், அம்மா. வேறு எதுவும் பேச வேண்டிய தேவையே வரவில்லை,” என்கிறாள்.

அவள் சொன்னது உண்மைதான். வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். தனிப் பேருந்து எல்லா இடங்களுக்கும் அழைத்துச் சென்றது. நுழைவுச்சீட்டுகளை ஆசிரியர் வாங்கிக் கொடுத்தார். உணவகத்தில் அனைவருக்கும் ஒரே உணவு முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டிருந்தது. பயணம் எந்தச் சிக்கலுமின்றி நடந்து முடிந்தது. ஆனால், எதற்காகப் பெற்றோர் பணம் சேர்த்துப் பிள்ளையை அனுப்பினார்களோ, அது மட்டும் நடக்கவில்லை.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஜெர்மன் மொழியை மூன்றாம் மொழியாகப் பயிலலாம். வகுப்பறைக்கு வெளியே அம்மொழியைக் கேட்கும் வாய்ப்பு இங்கு மிகக் குறைவு. ஆகவே, அம்மொழி பேசப்படும் நாட்டுக்குச் செல்லும் பயணம் மாணவர்களுக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பாகும். அதை வீணாக்காமல் எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோக்கமே முதற்படி

திட்டமிடுவோர் பெரும்பாலும் “எங்கே போகலாம்?” என்ற கேள்வியோடு தொடங்குகின்றனர். மொழிப் பயணத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. “மாணவர்கள் யாரிடம், எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள்?” என்பதே அது. ரொட்டிக் கடையில் காலை உணவு வாங்குவது, டிராம் நிறுத்தத்தில் வழி கேட்பது, அந்நாட்டு மாணவர் ஒருவரிடம் தம் பள்ளியைப் பற்றிச் சொல்வது எனப் பேச வேண்டிய தருணங்களை முதலில் பட்டியலிட வேண்டும். அந்தத் தருணங்கள் அமையும் வகையில் ஊர், தங்குமிடம், நேர அட்டவணை ஆகியவற்றை முடிவுசெய்ய வேண்டும்.

இதற்குச் சிறந்த வழி ஜெர்மனியில் ஒரு தோழமைப் பள்ளியைத் தேடிக்கொள்வது. பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே இரு பள்ளி மாணவர்களும் கடிதங்கள், காணொளி உரையாடல்கள் வழியாக அறிமுகமாகலாம். முன்பே பெயர் தெரிந்த ஒருவரைச் சந்திக்கப் போகிறோம் என்னும்போது பேசுவதற்கான தயக்கம் பாதி குறைந்துவிடும்.

ஊரும் காலமும்

பெர்லின், மியூனிக் போன்ற பெருநகரங்களில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டவர் தடுமாறுவதைக் கண்டவுடன் அங்குள்ள கடைக்காரர்கள் பலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உதவும் எண்ணத்தோடு அவர்கள் செய்வது மாணவரின் பயிற்சியைத் தடுத்துவிடுகிறது. ஆகையால், நடுத்தர அளவிலான ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, சாலே ஆற்றின் கரையில் உள்ள ஹாலே நகரத்தைக் கருதலாம். அது முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணையும் வரை அங்குள்ள பள்ளிகளில் ரஷ்ய மொழியே முதல் அந்நிய மொழியாகக் கற்பிக்கப்பட்டது. எனவே, வயது முதிர்ந்தவர்களிடம் வழி கேட்டால் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே விடை கிடைக்கும். பார்ப்பதற்கும் அங்குப் பல இடங்கள் உள்ளன. இசையமைப்பாளர் ஹெண்டல் 1685இல் பிறந்த ஊர் அது. சூரியன், நிலா, விண்மீன்கள் ஆகியவை தங்கத்தில் பதிக்கப்பட்ட, ஏறத்தாழ 3,600 ஆண்டுப் பழைமையான நெப்ரா வெண்கலத் தட்டு அங்குள்ள அரும்பொருளகத்தில் இருக்கிறது. 1804இல் தொடங்கப்பட்ட சாக்லெட் தொழிற்சாலை ஒன்றும் அங்கு உண்டு. வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் பெர்லினை அடையலாம். ஆகவே, தலைநகரையும் ஒருநாள் பார்த்து வரலாம்.

அடுத்தது காலம். ஜெர்மனியில் 16 மாநிலங்கள் உள்ளன. ஒவ்வொரு மாநிலமும் தன் பள்ளி விடுமுறையைத் தனித்தனியே அறிவிக்கிறது. நம் விடுமுறையில் நாம் செல்லும்போது அங்குப் பள்ளி நடந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையெனில், பூட்டிய பள்ளியைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். நம் ஜூன் விடுமுறையின் தொடக்கத்தில் அங்குள்ள பல பள்ளிகள் திறந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் சென்றால் கிறிஸ்துமஸ் சந்தைகளைக் காணலாம். ஆனால், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கடுங்குளிருக்கான உடைகளும் தேவைப்படும்.

தங்குமிடம்

தோழமைப் பள்ளி மாணவர்களின் வீடுகளில் தங்குவது மொழி கற்க மிகவும் உகந்தது. அதற்கு வாய்ப்பில்லாதபோது இளையர் விடுதிகள் கைகொடுக்கும். இவ்விடுதிகள் தோன்றியதற்கே ஒரு பள்ளிப் பயணம்தான் காரணம். 1909ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் தம் மாணவர்களுடன் பல நாள் நடைப்பயணம் மேற்கொண்டார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, அவர்கள் ஒரு கிராமப் பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தார்கள். பயணம் செய்யும் மாணவர்கள் குறைந்த செலவில் தங்குவதற்கு ஊர்தோறும் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே பின்னர் உலகெங்கும் பரவிய இளையர் விடுதி இயக்கமாக வளர்ந்தது. விடுதியில் படுக்கையை விரிப்பது, உண்ட மேசையைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை மாணவர்களே செய்ய வேண்டும். அங்கு வந்து தங்கும் ஜெர்மானிய மாணவர்களோடு பழகவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஆவணங்களும் செலவும்

ஜெர்மனியை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குக் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் குறுகிய காலப் பயணத்துக்கு விசா பெற வேண்டியதில்லை. வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கும் மாணவர்களுக்கு விசா தேவைப்படலாம். அதற்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால் தூதரகத்தின் அண்மைய அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பயணக் காப்புறுதியும் இன்றியமையாதவை.

செலவைக் கணக்கிடும்போது, ஆளுக்கு ஆள் ஆகும் செலவையும் குழு முழுவதற்கும் பொதுவான செலவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் பயணத்துக்குப் பேருந்து வாடகை 800 யூரோ என்று கொள்வோம். 20 மாணவர்கள் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு 40 யூரோ ஆகும். கடைசி நேரத்தில் நால்வர் விலகினால் அதுவே 50 யூரோ ஆகிவிடும். ஆகவே, பெயர் கொடுப்பதற்கும் விலகுவதற்கும் இறுதி நாளை முன்பே அறிவிக்க வேண்டும். எதிர்பாராத செலவுக்கெனச் சிறு தொகையையும் ஒதுக்க வேண்டும்.

பணம் இல்லாத காரணத்தால் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் பின்தங்கிவிடக் கூடாது. எடுசேவ் கணக்கைப் பயன்படுத்த முடியுமா, வேறு நிதியுதவி உண்டா என்பதைப் பள்ளியிடம் தொடக்கத்திலேயே கேட்டறிய வேண்டும். இதைப் பற்றி ஆசிரியர் பெற்றோரிடம் தனிப்பட்ட முறையில் பேசுவதே நாகரிகம். வகுப்பின் நடுவே யாரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

உணவும் பாதுகாப்பும்

ஜெர்மானியக் குடும்பங்கள் பலவற்றில் மாலை உணவாக ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் ஆகியவற்றைப் பரிமாறுவர். சூடான சோற்றை எதிர்பார்க்கும் நம் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சைவ உணவு உண்போர், மாட்டிறைச்சி உண்ணாதோர், ஹலால் உணவு உண்போர், கடலை போன்றவற்றால் ஒவ்வாமை உடையோர் ஆகியோரின் விவரங்களை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாணவரும் அதைத் தம் வாயால் சொல்லப் பழக வேண்டும். “இஷ் எஸ்ஸெ கைன் ரிண்ட்ஃப்ளைஷ்” என்றால் “நான் மாட்டிறைச்சி உண்பதில்லை” என்று பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வாக்கிய அமைப்பு சாப்பாட்டு மேசையில் உதவும்போது, அது பின்னர் மறப்பதில்லை.

தங்குமிடத்தின் முகவரி, ஆசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். டிராம் நிலையங்களில் நம் பெருவிரைவு ரயில் நிலையங்களைப் போன்ற தடுப்புக் கதவுகள் கிடையாது. ஆயினும், செல்லுபடியாகும் பயணச்சீட்டு இன்றிப் பிடிபட்டால் 60 யூரோ செலுத்த நேரிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எனவே, அன்றைக்குத் தேவையானவற்றைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

நாள்தோறும் ஒரு பேச்சுப் பணி

இனி, பயணத்தின் உயிர்நாடிக்கு வருவோம். மாணவர்களை மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சுப் பணியை வழங்க வேண்டும். முதல் நாள் ரொட்டிக் கடையில் காலை உணவு வாங்கலாம். இரண்டாம் நாள் காலிப் போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அங்குப் பிளாஸ்டிக் பானப் போத்தலை வாங்கும்போது 25 சென்ட் முன்பணம் செலுத்துவார்கள். காலிப் போத்தலை இயந்திரத்தில் போட்டால் அத்தொகைக்குரிய சீட்டுக் கிடைக்கும். அது எப்படி இயங்குகிறது என்று கடை ஊழியரிடம் கேட்டு வருவதே பணி. மூன்றாம் நாள் அரும்பொருளகத்தில் பிடித்த ஒரு பொருளைப் பற்றித் தோழமைப் பள்ளி மாணவரிடம் விளக்கலாம்.

குழுவில் நன்றாகப் பேசும் ஒருவரே எப்போதும் பேசிவிடுவது இயல்பு. அதனால், பேச வேண்டியவர் நாள்தோறும் மாற வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் தம் முறை வரும். அப்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் சற்றுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டுமே முன்வர வேண்டும். தவறான ரொட்டி கைக்கு வந்தால் அதையே உண்ணலாம். அடுத்த நாள் சரியானதைக் கேட்டு வாங்க அதுவே தூண்டுதலாகும்.

இப்பணிகளுக்குப் புறப்படும் முன்பே ஒத்திகை தேவை. குறிப்பாக, புரியாதபோது சொல்ல வேண்டிய வாக்கியங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். “லாங்ஸாமர், பிட்டெ” என்றால் “தயவுசெய்து மெதுவாக” என்று பொருள். இந்த இரு சொற்கள் தெரிந்திருந்தால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறாமல், தம் மொழியிலேயே நிதானமாகப் பேசுவார். மரியாதைச் சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்று இருப்பதைப் போலவே ஜெர்மன் மொழியில் ‘டூ’, ‘ஸீ’ என்று உண்டு. பெரியவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் ‘ஸீ’ என்றே அழைக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவருக்குப் புதிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, தமிழ் பேசும் மாணவருக்கு எளிதில் விளங்கும்.

திரும்பிய பிறகு

நாடு திரும்பியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. விருந்தளித்த குடும்பத்துக்கு ஜெர்மன் மொழியில் நன்றிக் கடிதம் எழுதுவது, அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் இளைய மாணவர்களுக்கு அனுபவத்தைப் பகிர்வது, தோழமைப் பள்ளி மாணவர்கள் இங்கு வரும்போது அவர்களை உபசரிப்பது ஆகிய மூன்றும் கற்றதை நிலைக்கச் செய்யும்.

ஹாலே நகரத்துக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்குச் சில காலம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், சமயப் பணிக்காக 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிறுவர்களோடு பள்ளியில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பின்னர், அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்நகரத்தின் பிராங்கே அறநிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

வளர்ந்த ஒருவர் சிறுவர்களுக்கு நடுவே அமர்ந்து, தவறாக எழுதி, திருத்தப்பட்டு, மீண்டும் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் படித்த ஊரின் ரொட்டிக் கடையில் நம் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி முதல் வாக்கியத்தைச் சொல்லக்கூடும். அவருக்கு அந்த வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுப்பதே நல்ல திட்டத்தின் பயனாகும். அப்படித் திட்டமிட்ட பயணத்திலிருந்து திரும்பும் மகளிடம் தாயார் அதே கேள்வியைக் கேட்டால், வீடு போய்ச் சேரும் வரை சொல்வதற்கு அவளிடம் கதைகள் இருக்கும்.