ஆடிக்காற்றும் ஜன்னல் திரையும்

வைத்தியருக்கும் திரைச்சீலைக் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தேனி, கம்பம் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலையைச் சுற்றும். நம் வீட்டிலோ புழுதியைத் திரையில் சேர்த்துவிடும். அதைக் கழற்றித் துவைக்காமல் வைத்தால் இரைப்புக்காரர்களுக்கு ராத்தூக்கம் போச்சு.

ஸ்பிரிங் கம்பி வேண்டாம், தொய்யும். சுலபமாகத் தூக்கி எடுக்கிற மாதிரி குழாய்க் கம்பியும் இரண்டு பிராக்கெட்டும் வாங்குங்கள். ஜன்னலுக்கு மேலே 4 அங்குலம், பக்கவாட்டில் 4 அங்குலம் தள்ளிக் குறியுங்கள். ரசமட்டம் இல்லையா? சட்டத்திலிருந்து இரண்டு குறியும் ஒரே உயரமா என்று டேப் வைத்துப் பாருங்கள். நீளம் 5 அடியைத் தாண்டினால் நடுவிலும் ஒரு பிராக்கெட்.

அங்கே கான்கிரீட் லிண்டல் இருக்கும். சாதாரண டிரில் இறங்காது, ஹாமர் டிரில்தான். பிளக் 8 மில்லி என்றால் துளையும் 8 மில்லி. மரச்சக்கையைச் செருகித் திருகினால் ஆடிக்காற்றில் எல்லாம் கையோடு வந்துவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளைக்காதீர்கள், உள்ளே ஒயர் போகும்.

பறக்கிற சிமெண்ட் தூள் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. வெறும் துண்டு போதாது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். இரைப்பு உள்ள பிள்ளையை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறாதீர்கள். விழுந்து வந்தால் தைலம் தருவேன்தான், ஆனால் ஏணி அதைவிட மலிவு!

கனத்த திரை எதற்கு? பருத்தியே போதும். காற்றுக் காலத்தில் 15 நாளுக்கொரு தரம் கழற்றி வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி சூட்டில் தூசிப்பூச்சி செத்துப்போகும். தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டால் மறுபடி புழுதிதான், மொட்டை மாடிச் சுவர் மறைவில் போடுங்கள்.