ஆர்ம் ரெஸ்லிங் டேபிள் செய்யப்போறீங்களா? பெயின்ட் கலரை அப்புறம் பார்த்துக்கலாம்!

ரீல்ஸைத் திறந்தால் ஒரு பக்கம் ஜார்ஜியாவின் லெவன் சாகினாஷ்விலி, இன்னொரு பக்கம் கனடாவின் டெவன் லாரட். லெவனின் வலது முன்கையைப் பார்த்தால் 'இது கையா, காலா?' என்றே சந்தேகம் வரும். அந்த சூட்டில் அடுத்த நிமிஷமே ஹாஸ்டல் மெஸ் டேபிளில் முழங்கையை ஊன்றி, 'வாடா பார்ப்போம்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். வடக்கே இதற்குப் பெயர் 'பஞ்சா', கேரளாவில் 'பஞ்சகுஸ்தி'. 2023-ல் ப்ரோ பஞ்சா லீக்கின் முதல் சீசன் டி.வி-யில் வந்ததையும் பார்த்துவிட்டு, 'நாலு பேர் காசு போட்டு ஜிம்முக்கு சொந்தமா ஒரு டேபிள் செஞ்சா என்ன?' என்று யோசிப்பவரா நீங்கள்?

நல்ல யோசனைதான் பாஸ். ஆனால், இந்த டேபிள் விஷயத்தில் கலர், லோகோ எல்லாம் கடைசி. முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் எலும்பை!

எலும்பு எப்படி உடையுது?

இந்த விளையாட்டில் எல்லோரும் பயப்பட வேண்டிய காயம் மணிக்கட்டில் வருவதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும் எலும்பு, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்பட்டு, சுருள் வடிவத்தில் உடைகிறது. எதிராளியின் பிடியில் கை அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். ஜெயிக்கிற வெறியில் தோளும் உடம்பும் மட்டும் முன்னால் திரும்பிவிடும். முகம்கூட கையைப் பார்க்காமல் வேறு பக்கம் போயிருக்கும். அந்த நொடியில்தான் 'டக்'!

'நான் தினமும் ஜிம் போறேன், எனக்கு ஆகாது' என்று நினைக்காதீர்கள். எலும்பை முறுக்கும் விசையில் உங்கள் சொந்தத் தசைக்கும் பங்கு உண்டு. அந்த எலும்பை ஒட்டி ஓடும் நரம்பும் சேர்ந்து அடிபட்டால், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். வளரும் வயதுப் பசங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முழங்கையின் உள்பக்க எலும்பு நுனியை தசை பிய்த்து இழுத்துவிடலாம்.

மெஸ் டேபிள் இதற்கெல்லாம் வழி செய்து கொடுக்கிறது. உட்கார்ந்திருப்பதால் கையோடு சேர்ந்து உடம்பை நகர்த்த முடியாது. முழங்கை வழுக்கும். இன்னொரு கைக்குப் பிடிமானம் கிடையாது. ஒழுங்கான டேபிளின் ஒவ்வொரு பாகமும் இந்தக் குறைகளில் ஒன்றைச் சரிசெய்யத்தான் இருக்கிறது.

அளவு முக்கியம் ப்ரோ!

உலக ஆர்ம் ரெஸ்லிங் கூட்டமைப்பின் விதிப்படி, நின்று விளையாடும் டேபிளின் உயரம் தரையிலிருந்து 40 இன்ச். மேல்பலகை 36 இன்ச் நீளம், 26 இன்ச் அகலம். வெல்டிங் பட்டறையில் சொல்லும்போது ஒரு இன்ச்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். உயரம் குறைந்தால் குனிய வேண்டியிருக்கும். குனிந்தால் தோள் கைக்கு முன்னால் போய்விடும். உயரம் குறைவான நண்பர் விளையாட வந்தால், அவர் நிற்க உறுதியான பலகை ஒன்றைப் போடுங்கள். அதற்காக டேபிளின் காலை வெட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், பட்ஜெட்டில் பெரிய பங்கு போக வேண்டியது எல்போ பேடுக்குத்தான். 7 இன்ச் சதுரம், 2 இன்ச் தடிமன். சோபா தைக்கும் கடையில் கொடுத்தால் மெத்து மெத்தென்று சாதாரண ஸ்பான்ஜை வைத்துத் தைத்துக்கொடுத்துவிடுவார்கள். அதில் முழங்கை புதைந்து, பலகையில் இடிக்கும். இடித்தால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு இருக்கும் இடம் அது. அழுத்தினால் கொஞ்சம்தான் அமுங்கும் கெட்டியான ஃபோம் கேளுங்கள். மேலே பளபள ரெக்சின் வேண்டாம். வியர்வை பட்டால் வழுக்கும். முழங்கை பேடை விட்டு வெளியே போவது போட்டியில் ஃபவுல் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பேடை நிரந்தரமாக ஆணி அடித்துவிடும் தவறும் நடக்கும். வலது கை ஆட்டத்துக்கும் இடது கை ஆட்டத்துக்கும் பேட் இருக்க வேண்டிய இடம் வேறு வேறு. நட்-போல்ட்டில் கழற்றி மாட்டுவதுபோல இரண்டுக்கும் துளை போடச் சொல்லுங்கள்.

இரண்டு ஓரங்களிலும் வரும் டச் பேட் 10 இன்ச் நீளம், 4 இன்ச் உயரம். தோற்றவரின் கை அதில் பட்டால் ஆட்டம் முடிந்தது. கை பலகை வரைக்கும் போய் தோளைத் திருகுவதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்துவது இந்த 4 இன்ச்தான். அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது பெக், அதாவது சும்மா இருக்கும் கை பிடித்துக்கொள்ளும் கம்பி. 1950-களில் அமெரிக்காவின் பெடலூமா ஊரில் ஒரு பாரில் பிரபலமான 'ரிஸ்ட் ரெஸ்லிங்'கில் இது கிடையாது. இரண்டு பேரும் இன்னொரு கையையும் கோத்துக்கொண்டே மோதுவார்கள்! இப்போது 1 இன்ச் குறுக்களவு, 6 இன்ச் உயரம் என்பது கணக்கு. பெக்கை மரத்தில் திருகி நிறுத்தினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. பலகைக்கு அடியில் போகும் இரும்பு ஃப்ரேமோடு சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும். மேல் முனையை உருட்டி வழவழப்பாக்கச் சொல்லுங்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது முகம் அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

ஆடாத டேபிள் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, விளையாடுபவர்கள் அதன் மேலேயே நிற்பதுபோல செய்தால் அவர்கள் எடையே டேபிளைப் பிடித்துக்கொள்ளும். மடக்கும் கால்கள் இடம் மிச்சம் செய்யும். ஆனால் லாக் லூஸானால் ஆபத்து. இடம் இருந்தால் மடக்காத காலே என் சாய்ஸ்.

பிடி நழுவும்போது இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். செலவு குறைவு, சண்டையும் குறையும்.

டேபிள் வந்ததும் முதல் நாளே முழு பலத்தோடு மோதாதீர்கள். இரண்டு பேர் பாதி பலத்தில் பிடித்து நின்று, மூன்றாவது ஆளை பக்கத்தில் நிறுத்துங்கள். அவருக்கு ஒரே வேலைதான்: யாருடைய தோள் கைக்கு முன்னால் போனாலும், முகம் கையை விட்டுத் திரும்பினாலும், உடனே 'ஸ்டாப்' சொல்வது.