நட்சத்திரப் பன்னிருமுகியும் ஆய்லரின் விதியும்

ஒரு திண்மத்தின் முகங்களையும் உச்சிகளையும் கூட்டி, விளிம்புகளைக் கழித்தால் 2 எஞ்சும் என்பது 1750-இல் ஆய்லர் கண்ட விதி. கனசதுரத்தில் 6 + 8 − 12 = 2. ஆனால் 1619-இல் கெப்ளர் தம் நூலில் விவரித்த நட்சத்திரப் பன்னிருமுகி இவ்விதிக்கு அடங்காததுபோல் தோன்றுகிறது. காரணம் யாதென ஆராய்வோம்.

முதலில் இவ்வடிவத்தை அட்டையில் செய்துகொள்வது நலம். பன்னிரண்டு ஒழுங்கான ஐங்கோணங்களாலான பன்னிருமுகியின் ஒவ்வொரு முகத்தின்மீதும், ஐந்து முக்கோணங்கள் கூடிய ஒரு கூம்பை ஒட்டுதல் வேண்டும். முக்கோணத்தின் உச்சிக்கோணம் 36 பாகை. அடிக்கோணங்கள் 72 பாகை. ஐங்கோணத்தின் பக்கம் 5 சென்டிமீட்டர் எனில், முக்கோணத்தின் சமபக்கங்கள் ஏறத்தாழ 8.1 சென்டிமீட்டர் இருக்கும்.

இம்மாதிரியை இரு மாணவர் எண்ணுவதாகக் கொள்வோம். முதல் மாணவன் வெளியே தெரியும் முக்கோணங்களை எண்ணுகிறான்: முகங்கள் 60, உச்சிகள் 32, விளிம்புகள் 90. விடை 2.

இரண்டாம் மாணவன் வேறொன்றைக் காண்கிறான். ஒரு கூம்பைச் சுற்றியுள்ள ஐந்து கூம்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணம், நடுக்கூம்பின் அடியில் மறைந்துள்ள ஐங்கோணத்தின் தளத்திலேயே கிடக்கிறது. ஆறும் சேர்ந்து ஓர் ஐம்முனை நட்சத்திரம். ஆகவே முகங்கள் 12. சிறு விளிம்புகள் மும்மூன்றாக ஒரே நேர்க்கோட்டில் அமைவதால் விளிம்புகள் 30. அவ்விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் 20 பள்ளங்கள் உச்சிகளாகா. முனைகள் 12 மட்டுமே உச்சிகள். 12 + 12 − 30 = −6.

இருவர் விடையும் சரியே. ஆய்லரின் விதி, ஊதினால் உருண்டையாகக்கூடிய பரப்புக்கு உரியது. வளையம்போல் ஒரு துளை இருப்பின் விடை 0. ஒவ்வொரு துளைக்கும் விடை இரண்டு குறையும். நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. அவ்வூடுருவலை நீக்கி, விளிம்புகளின் இணைப்பை மட்டும் கருதினால், அப்பரப்பு நான்கு துளைகள் உடையது: 2 − 8 = −6.

இதன் பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறந்த கணித அறிஞரான ஷ்லெஃப்லி இதைப் பன்முகியாகவே ஏற்க மறுத்தார். ஆயினும் இத்தகைய ஒழுங்கு நட்சத்திரப் பன்முகிகள் நான்கே உண்டு என்று 1813-இல் கோஷி நிறுவியிருந்தார். கெப்ளர் கண்டவை இரண்டு. புவான்சோ 1809-இல் சேர்த்தவை இரண்டு.

ஆகவே −6 என்று விடை கூறும் மாணவனைத் தவறென்று தள்ளிவிடலாகாது. அவன் எதனை முகம் எனக் கொண்டான் என்பதை ஆசிரியர் முதற்கண் வினவுதல் வேண்டும்.