வேலைப் பட்டியலை வாரந்தோறும் திருத்துங்கள்

நாற்று விடுவது, நடுவது, களை எடுப்பது, மேலுரம் இடுவது என ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே தேதி குறித்து வைக்கும் விவசாயிகள் பலர் உண்டு. ஆனால், ஆள் கிடைக்காமல் நடவு ஒரு வாரம் தள்ளிப் போனதும் அந்தப் பட்டியல் பரணுக்குப் போய்விடுகிறது. அதன் பின் எல்லாம் ஞாபகத்தை நம்பியே நடக்கிறது. களைக்கொல்லியும் மேலுரமும் பருவம் தவறுவது இதனால்தான்.

கட்டுமானப் பணிகளிலும் இதே சிக்கல் உண்டு. வேலைகளை நாட்கணக்கில் கோடுகளாக வரைந்து கண்காணிக்கும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் 1910களில் பரப்பினார். எந்த வேலை தாமதித்தால் முழுப் பணியும் தாமதிக்கும் என்று கண்டறியும் முறை 1957-இல் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் உருவாயிற்று. இவற்றைக் கணினியில் செய்ய இன்று திட்ட மேலாண்மை மென்பொருள்கள் உள்ளன. ப்ராஜெக்ட்லிப்ரே என்பது விலையின்றிக் கிடைக்கிறது. கணினி இல்லாதவர்கள் இதே முறையை நோட்டுப் புத்தகத்திலும் கையாளலாம்.

ஐந்து கட்டங்கள்

நோட்டில் ஐந்து கட்டங்கள் போதும். வேலையின் பெயர், அது எந்த வேலைக்குப் பின் வருவது, திட்டமிட்ட தேதி, நடந்த தேதி, முடிக்க இன்னும் தேவைப்படும் நாட்கள். திட்டமிட்ட தேதியை அழிக்கக் கூடாது. நடந்த தேதியை அதன் பக்கத்தில் எழுத வேண்டும். எங்கே, எத்தனை நாள் பிந்தினோம் என்பது அடுத்த ஆண்டுத் திட்டத்திற்கு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு

110 நாள் வயதுள்ள ஆடுதுறை 43 நெல்லை ஜூன் 10-இல் நாற்றங்காலில் விதைத்து, 22 நாள் நாற்றை ஜூலை 2-இல் நடத் திட்டமிட்டதாகக் கொள்வோம். நடவு ஜூலை 9-இல்தான் முடிந்தது. நட்ட மூன்றாம் நாள் இட வேண்டிய பூட்டாகுளோர் களைக்கொல்லி ஜூலை 5-இலிருந்து ஜூலை 12-க்கு நகர்கிறது. நட்ட 30-ஆம் நாள் கைக்களை ஆகஸ்டு 1-இலிருந்து ஆகஸ்டு 8-க்கு நகர்கிறது. களைக்கு ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தால் உடனே தேதியை மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லா வேலையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏழு நாள் தள்ளக் கூடாது. நாற்றங்காலில் இருக்கும்போதும் பயிருக்கு வயது ஏறுகிறது. கதிர் உருவாகும் பருவம் முழுதாக ஏழு நாள் பிந்தாது. ஆகவே அப்பருவத்து மேலுரத்திற்குத் தேதியை மட்டும் நம்பாமல், விதைத்த 45-ஆம் நாளிலிருந்து தாய்த் தூரைப் பிளந்து பார்க்க வேண்டும். அடியில் ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் வெண்பஞ்சு போல இளங்கதிர் தெரிந்தால் உரமிடலாம். தூர் கட்டும் காலமும் குறைவதால், வயது கடந்த நாற்றைக் குத்துக்கு ஓரிரண்டு கூடுதலாக வைத்து நெருக்கி நடுவது நல்லது.

நகரும் தேதி, நகராத தேதி

மேலுரம் வாங்கி வைப்பது சில நாள் பிந்தினாலும் பயிருக்குக் கேடில்லை. இடும் நாளுக்கு முன் கையில் இருந்தால் போதும். நடவோ அப்படியன்று, அது பிந்தினால் பின்னுள்ள வேலைகள் பலவும் பிந்தும். ஆள் பற்றாக்குறை வந்தால் இத்தகைய வேலைக்கே முதலில் ஆள் விட வேண்டும். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியோ நமக்காக நகராது. அதைச் சிவப்பு மையில் எழுதி வைக்கலாம்.

'பாதி முடிந்தது' போதாது

களை எடுப்பு பாதி முடிந்தது என்று எழுதுவதால் பயனில்லை. மூன்று ஏக்கரில் ஒன்றரை முடிந்தது, மீதிக்கு ஆறு ஆட்களுடன் இரண்டு நாள் வேண்டும் என்று எழுதினால்தான் அடுத்த வேலைக்கு நாள் குறிக்க முடியும்.

வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். வயலைச் சுற்றி வந்த கையோடு நோட்டைத் திருத்திவிடுங்கள். நடவு பிந்துவதை எப்போதும் தடுக்க இயலாது. பிந்திய நடவுக்குப் பழைய தேதியில் களைக்கொல்லி தெளிப்பதைத் தடுக்கலாம்.