உணவுக்குழாயின் அரிய கட்டிகள்: எடுப்பதும் விட்டுவைப்பதும்

உணவுக்குழாயில் தோன்றும் கட்டிகளில் மிகப் பல, அதன் உட்சவ்வில் கிளம்பும் புற்றுநோயே ஆகும். ஆகவே, சோறு இறங்கவில்லை என்று குழித்துறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ரயிலேறித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போகிறவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. எனினும், உட்சவ்வைத் தொடாமல் தசைச் சுவருக்குள் வளரும் சில அரிய கட்டிகளும் உள்ளன. அவற்றுக்குக் குழாயையே அறுத்தெடுப்பது பல வேளைகளில் தேவையற்றது என்பதை நோயாளியின் வீட்டார் அறிந்திருப்பது மிக அவசியம்.

அவற்றுள் முதன்மையானது லியோமயோமா எனப்படும் மென்தசைக் கட்டி. புற்றல்லாத இக்கட்டி பெரும்பாலும் குழாயின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் மெல்ல வளர்கிறது. சிறிதாக இருந்து தொல்லை தராதவரை, குறித்த இடைவெளியில் சோதித்துக் கண்காணித்தாலே போதும். விழுங்குவதற்குத் தடையாகிவிட்டால், நெஞ்சில் சிறு துளைகளிட்டு, கேமராவின் துணையோடு தசை நார்களைப் பிளந்து, நுங்குச் சுளையை உடையாமல் பெயர்த்தெடுப்பதுபோலக் கட்டியை மட்டும் அறுவை மருத்துவர் வெளியே எடுக்கிறார். எடுத்தபின், அவ்விடத்தில் நீரை நிரப்பி, எண்டோஸ்கோப் வழியே குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால் உட்சவ்வு கிழிந்திருக்கிறது, அதை அப்போதே தைத்தாக வேண்டும். பிறகு, பிளந்த தசையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். தைக்காமல் விட்டால் உட்சவ்வு அந்த இடைவெளி வழியே பை போலப் பிதுங்கக்கூடும்.

இங்கேதான் அவசரம் கேடாகிறது. எண்டோஸ்கோப்பில் மேடு தெரிந்தவுடன் சதைத் துணுக்கு எடுக்கும் வழக்கம் புற்றுக்குப் பொருந்துமே தவிர, லியோமயோமாவுக்குப் பொருந்தாது. துணுக்கெடுத்த இடத்தில் சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்வதால், பின்னர் கட்டியைப் பெயர்க்கையில் கிழியக்கூடும். ஆகவே, முனையில் ஒலியலைக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பால், கட்டி சுவரின் எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே முறை.

அதே அடுக்கில், அதே தோற்றத்தில் மறைந்திருக்கக்கூடிய இன்னொன்று ஜிஸ்ட் எனப்படும் கட்டி. இரைப்பையில் மிகுதியாகவும் உணவுக்குழாயில் மிக அரிதாகவும் வரும் இது பரவும் தன்மை உடையது. உறை கிழிந்தால் நோய் அணுக்கள் சிதறும் என்பதால், இதற்கு அறுவையின் எல்லை விரிகிறது. ஐயம் வலுத்தால் மட்டும் ஊசியால் திசு எடுத்து, கிட் என்னும் புரதத்துக்குச் சாயமேற்றிச் சோதிப்பார்கள். ஜிஸ்ட் என்று உறுதியானால், பெரிய கட்டியை இமாட்டினிப் மாத்திரையால் முதலில் சுருக்கிவிட்டு அறுக்கவும் வழியுண்டு. நிறமிப் புற்றான மெலனோமாவும், சிற்றணுப் புற்றும் உணவுக்குழாயில் அரியவை, கொடியவை. பின்னதற்குக் கத்தியைவிட மருந்தும் கதிர்வீச்சுமே முதன்மை.

குழாயையே அகற்றுவது பெரிய அறுவை. நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும் என்ற தடையே அறுவை மருத்துவர்களை நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்தது. 1913இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் முதன்முதலாக நெஞ்சிலுள்ள உணவுக்குழாயை வெற்றியோடு அகற்றியபோது, இரு முனைகளையும் உள்ளே இணைக்க வழியின்றி உடலுக்கு வெளியே ரப்பர் குழாயால் இணைத்தார். அவ்வறுவைக்கு உட்பட்ட மூதாட்டி அதன்பின் 12 ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தார். குழித்துறைக்கு அண்மையிலுள்ள நெய்யூரில், எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஆங்கிலேய மருத்துவர் சாமர்வெல் வயிற்று அறுவைகளுக்குப் புகழ்பெற்றிருந்த காலத்திலும், நெஞ்சு அறுவை உலகெங்கும் ஆபத்தாகவே இருந்தது. இன்று இரைப்பையைக் குழலாக வடித்து மேலே இழுத்து இணைக்கிறார்கள். உணவுக்குழாய்க்குக் குடலுக்குள்ளது போன்ற வெளியுறை இல்லாததால், அந்தத் தையல் கசிவதே பெரும் அச்சம்.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதன்று. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுத் துளை வழியே அறுத்தால், நுரையீரலும் இதயமும் தாமாகவே முன்னே சரிந்து, உணவுக்குழாய் தெளிவாகப் புலப்படும். பிரிட்டனில் முன்னரே முயன்று பார்க்கப்பட்ட இம்முறையில் 130 புற்று நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளின் அனுபவத்தைக் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலுவும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்டபின், பல நாடுகளில் அது பரவியது.

லியோமயோமா, ஜிஸ்ட் போன்ற அரிய கட்டிகளை அடிக்கடி பார்த்த நோயியல் நிபுணர்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. எனவே, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நோயாளி, சோதனைச் சீட்டை மட்டுமன்றி, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். புதிய இடத்தில் அவற்றை மறுபடி பார்த்த பிறகே, எவ்வளவு அறுப்பது என்று முடிவெடுப்பார்கள்.