ரெஸ்யூமில் 'ஆன்லைன்' என்ற சொல்லை எங்கே வைப்பது?

பண்ருட்டி, நெய்வேலி பக்கம் வேலை தேடுற பசங்க அடிக்கடி என்கிட்ட ரெஸ்யூமைக் காட்டுவாங்க. ஆன்லைனில் பட்டம் படித்தவர்களில் பலர் அந்தச் சொல்லை எழுதுவதே இல்லை. பட்டம், பல்கலைக்கழகம், வருடம், அவ்வளவுதான். ஏன்னு கேட்டா, "எழுதினா ஓரமா வச்சிடுவாங்க சார்" என்பதுதான் பதில். இந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கு?

கொஞ்சம் இருக்கு. நம்ம மாவட்டத்துக்கே அதில் ஒரு கதை உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. 'கரஸ்'ல படிச்சேன்னு சொல்ற ஒரு சித்தப்பாவோ அத்தையோ இங்கே பல வீடுகளில் இருப்பாங்க. 2022 மார்ச்சில் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு விட்டது: அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் தந்திருக்கிறோம் என்று. அதற்குப் பிறகு சேர்ந்தவங்க வயித்துல புளியைக் கரைச்ச அறிவிப்பு அது. இன்னும் முன்னால், 2017 நவம்பரில், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் தந்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

கவனிச்சுப் பாருங்க. இரண்டிலும் முதல் கேள்வி, அனுமதி இருந்ததா என்பதுதான். அனுமதியோடு நடத்தப்படும் படிப்பின் கதை வேறு. யுஜிசியின் 2020-ம் ஆண்டு விதிமுறைகளில் 22-வது விதி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. எல்லாப் படிப்புக்கும் இது கிடையாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றை முழுக்க ஆன்லைனில் நடத்தவே அனுமதி இல்லை. யாராவது ஆன்லைன் பி.இ. தர்றேன்னு சொன்னா, போனை வச்சிடுங்க.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, நீங்கள் சேர்ந்த கல்வியாண்டு மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலே போதும்னு நினைக்கிறவங்கதான் அதிகம். சேர்ந்த ஆண்டுதான் முக்கியம் என்பதை மேலே சொன்ன அறிவிப்பே காட்டுது.

இப்போ ரெஸ்யூமுக்கு வருவோம். 'ஆன்லைன்' என்று எழுதச் சொல்வதற்கு நேர்மை மட்டும் காரணமில்லை, தேதிக் கணக்கும் ஒரு காரணம். ஒரு பையன் 2021 முதல் 2024 வரை நெய்வேலியில் ஒப்பந்த வேலை, ஷிஃப்ட் மாறி மாறி. அதே மூன்று வருடத்தில் பெங்களூரில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. 'ஆன்லைன்' என்ற சொல் இல்லாமல் இதைப் படிக்கிறவர், இரண்டில் ஒன்று பொய் என்றுதான் நினைப்பார். அந்தச் சொல்லைச் சேர்த்தால் அதே தேதிகள், வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தவன் என்று சொல்லும். அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்: "பி.சி.ஏ. (ஆன்லைன், யுஜிசி அங்கீகாரம்), 2021–2024". தலைப்பில் கொட்டை எழுத்தில் போட வேண்டியதில்லை. வேலைக்கு எடுத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும், விண்ணப்பப் படிவத்திலேயே படிப்பு முறையைக் கேட்கிற நிறுவனங்களும் உண்டு. அங்கே மாற்றிப் போட்டு மாட்டிக்கொண்டால், பட்டம் செல்லும், வேலை போயிடும்.

ஐஐடி மெட்ராஸ் பட்டத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட இந்த ஆன்லைன் படிப்பு இப்போது நான்கு ஆண்டு பி.எஸ். ஆகியிருக்கிறது. வெறும் 'ஐஐடி மெட்ராஸ்' என்று எழுதினால் எதிரே இருப்பவர் பி.டெக். என்று எடுத்துக்கொள்வார், அப்புறம் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். 'பி.எஸ்., டேட்டா சயின்ஸ்' என்று முழுசா எழுதுங்க. டிப்ளமோ கட்டத்தோடு நிறுத்தியிருந்தால் டிப்ளமோ என்றே எழுதுங்க. பாடம்தான் ஆன்லைன், தேர்வை மையத்துக்குப் போய் நேரில் எழுதணும் என்பதையும் நேர்காணலில் சொல்லலாம், பலருக்கு அது தெரியாது. கோர்ஸெரா மாதிரியான சான்றிதழ்களைக் கல்வித் தகுதியில் கலக்காமல் தனியாகக் கீழே போடுங்க.

நேர்காணலில் "ஏன் ரெகுலர் படிக்கல?" என்று கேட்பாங்க. வீட்டுக் கஷ்டத்தைப் பத்து நிமிஷம் சொல்ல வேண்டாம். "வேலையில இருந்தேன் சார், ஷிஃப்ட் முடிச்சிட்டுப் படிச்சேன்" போதும். அடுத்த வாக்கியம் நீங்கள் செய்த ஏதோ ஒன்றைப் பற்றி இருக்கட்டும். பண்ருட்டி மண்டியில் பலாப்பழ விலையை ஒரு சீசன் முழுக்கக் குறித்து, அதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தால், பேச்சு அதற்குப் போய்விடும். இந்த மாதிரி ஒண்ணு கையில இல்லாதவங்களுக்குத்தான் 'ரெகுலர்' கேள்வி நீளமாகுது.

அரசு, பொதுத்துறை வேலைக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் எடுபடாது. அறிவிப்பில் 'முழுநேர, ரெகுலர் பட்டம்' என்று போட்டிருந்தால், யுஜிசி சமம் என்று சொன்னதைக் காட்டி நேர்காணலில் வாதாட முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படிங்க. சந்தேகம் இருந்தால் அவங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கோங்க. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான யுஜிசி பட்டியலையும் இன்றே ஒரு பிரதி எடுத்து மதிப்பெண் பட்டியலோடு வச்சிடுங்க, கேட்கும்போது தேடிட்டு இருக்க நேரம் இருக்காது.